வறுத்த வேர்க்கடலையின் மணம் எங்கே பிறக்கிறது?

(பதினோராம் வகுப்பு அறிவியல் மன்ற மாணவியர்)



மாலை நான்கு மணிக்குப் பள்ளி மணி அடித்ததும் முதலில் வாயிலைத் தாண்டுவது நம் கால்கள் அல்ல, மூக்குதான்! எதிர்ச்சாரியில் தள்ளுவண்டி நிற்கும். வண்டியில் இரும்புக் கடாய், கடாயில் சுடுமணல், மணலுக்குள் வேர்க்கடலை. சட்டுவத்தால் கடாயின் விளிம்பில் அவர் தட்டும் 'டங் டங்' என்ற ஓசை நூறடிச் சாலை வரை கேட்கும். நம் ஈக்காட்டுத்தாங்கலில் வாடைகளுக்குக் குறைவில்லை. பேருந்துப் புகை ஒரு பக்கம், கிண்டித் தொழிற்பேட்டையிலிருந்து வரும் எண்ணெயும் இரும்பும் கலந்த நெடி ஒரு பக்கம், காற்று திரும்பினால் அடையாறு. 2015-ஆம் ஆண்டு முதல் தலைக்கு மேலே மெட்ரோ ரயிலும் ஓடுகிறது. இத்தனைக்கும் நடுவே வழி கண்டுபிடித்து வகுப்பறைக்குள் வந்து சேருகிற ஒரே நல்ல மணம் அந்தக் கடலை மணம்தான்.

சென்ற ஆண்டு ஐப்பசியில் சில வாரங்கள் அந்த மணம் வரவில்லை. வண்டி இருந்தது, ஓசை இருந்தது, கடலையும் இருந்தது. வாயில் போட்டால் ஒரு பச்சை நெடி. மென்று முடிக்கும்போது இலேசான கசப்பு. கடலைக்கார அண்ணனிடம் நாங்கள் சண்டைக்கே போய்விட்டோம். "மணலை மாத்தலையா அண்ணே? தீ பத்தலையா?" என்று கேட்டோம். அவர் கோபித்துக் கொள்ளவில்லை. "தீ அதே தீதான் பாப்பா. சரக்கு அப்படி" என்றார். அவர் சாக்குச் சொல்கிறார் என்றே நாங்கள் நினைத்தோம்.

அதே வாரத்தில் விடுதித் தோழி ஒருத்தி, வேதியியல் வகுப்பு முடிந்ததும் ஆசிரியையிடம் ஒரு கேள்வியுடன் போய் நின்றாள். அவள் ஊர் திண்டிவனத்துக்கு மேற்கே உள்ள ஒரு சிற்றூர். அவளுடைய தந்தையார் ஆடிப் பட்டத்தில் மானாவாரியாக விதைத்த கடலையை விற்கப் போனபோது, வியாபாரி ஒரு காயை உடைத்து, பருப்பை மென்று, துப்பிவிட்டு, மூட்டைக்கு இவ்வளவுதான் என்று விலையைக் குறைத்துவிட்டாராம். எடையில் குறையில்லை, கல் மண் கலப்பில்லை. "மணம் சரியில்லைன்னு சொல்லிட்டாராம் சிஸ்டர். எங்கப்பாவை ஏமாத்திட்டாங்களா?" என்று கேட்டாள். அந்தப் பணத்தில்தான் அவளுடைய விடுதிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது என்பதை அவள் சொல்லவில்லை, எங்களுக்குத் தெரியும்.

சிஸ்டர் உடனே பதில் சொல்லவில்லை. "ஏமாற்றினார்களா என்பது எனக்குத் தெரியாது அம்மா. மணத்தை வைத்து விலையைக் குறைப்பதில் நியாயம் உண்டா என்று பார்க்கலாம். அதை நீங்களே பாருங்களேன்" என்றார். இந்தக் கட்டுரை பிறந்த கதை இதுதான்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுவோம். சென்னையில் நாம் வேர்க்கடலை என்கிறோம். தெற்கே நிலக்கடலை, கொங்கு நாட்டில் கடலைக்காய், யாழ்ப்பாணத்தில் கச்சான். திண்டிவனத்துத் தோழியோ "மல்லாட்டை" என்பாள். நாங்கள் ஆரம்பத்தில் சிரித்தோம். மணிலாக் கொட்டை என்பதே மல்லாக்கொட்டையாகி, மல்லாட்டை ஆயிற்று என்று அறிந்தபின் சிரிப்பு நின்றது. பிலிப்பைன்ஸ் தீவுகளின் மணிலாத் துறைமுகத்தின் பெயர் விழுப்புரம் பக்கத்துக் கிழவிகள் வாயில் இன்றும் வாழ்கிறது! இதன் தாயகம் தென் அமெரிக்கா. கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்த இந்தச் செடி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் பரவிப் புதுச்சேரித் துறைமுகம் வழியே பிரான்சு நாட்டு மார்செய் நகரத்துக்குக் கப்பல் கப்பலாகப் போயிற்று. அங்கே எண்ணெய் எடுக்கவும் சவுக்காரம் செய்யவும் அது பயன்பட்டது. எண்ணெய்க்காக வாங்கியவனுக்கு மணம் எதற்கு? மணத்துக்கு மதிப்பு வந்தது கடலையை முழுதாகத் தின்பவர்கள் வாங்கியபோதுதான்.

வேர்க்கடலை என்ற பெயர் பொருத்தமில்லாத பெயர். அது வேரில் காய்ப்பதில்லை. மஞ்சள் நிறப் பூ தரைக்கு மேலேதான் பூக்கிறது. கருவுற்ற பிறகு பூவின் அடியிலிருந்து ஊசி போன்ற விழுது ஒன்று கீழ்நோக்கி வளர்ந்து மண்ணுக்குள் இறங்கி, அங்கே காயாகிறது. ஆகவே மாங்காய், கொய்யாக்காய் போல் இக்காய் காற்றிலும் வெயிலிலும் வளர்வதில்லை. மண்ணின் சூட்டிலும் ஈரத்திலும் வளர்கிறது. சுண்ணாம்புச் சத்தைக்கூட வளரும் காய் தன் தோலின் வழியாக நேரே மண்ணிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. வேர் உறிஞ்சிய சுண்ணாம்பு காய்க்குப் போதிய அளவில் வந்து சேர்வதில்லை. அதனால்தான் நம் உழவர்கள் விழுது இறங்கும் பருவத்தில் செடியின் அடியில் ஜிப்சம் இட்டு மண் அணைக்கிறார்கள். எக்டேருக்கு 400 கிலோ என்பது தமிழ்நாட்டில் சொல்லப்படும் அளவு. அது கிடைக்காவிட்டால் காய் பொக்காகிவிடும். மண்ணோடு இவ்வளவு நெருங்கிய உறவு கொண்ட வேறு பருப்பு நம் சமையலறையில் இல்லை என்றே நினைக்கிறோம்.

இனி மணத்துக்கு வருவோம். பச்சைக் கடலையை மோந்து பாருங்கள். பச்சைப் பயற்றைப் போன்ற ஒரு வாடை, அவ்வளவுதான். அதையே வேகவைத்தால் வேறொரு வாடை. வறுத்தால் மட்டுமே நாம் விரும்பும் அந்த மணம் வருகிறது. ஏன்? தண்ணீரில் வேகும்போது சூடு 100 டிகிரி செல்சியசைத் தாண்டாது. மணலில் வறுக்கும்போது பருப்பிலுள்ள ஈரம் முதலில் வெளியேறுகிறது. பிறகு சூடு அதற்கு மேல் ஏறுகிறது. 150 டிகிரியை ஒட்டிய சூட்டில், பருப்பிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் ஒன்றோடொன்று வினைபுரிகின்றன. இவ்வினையை 1912-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லூயி கமீல் மெயிலார்டு விளக்கினார். அவர் பெயராலேயே மெயிலார்டு வினை என்று வழங்குகிறது. தோசையின் முறுகல், ரொட்டியின் மேல்தோல், வறுத்த காப்பிக்கொட்டை எல்லாம் இவ்வினையின் பிள்ளைகளே.

கடலையில் இவ்வினையால் பிறக்கும் மணப்பொருள்களில் தலையானவை பைரசின்கள் என்னும் வகையைச் சேர்ந்தவை. நான்கு கரி அணுக்களும் இரண்டு நைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த ஆறு மூலை வளையம் அது. வளையத்தின் மூலைகளில் மீதைல் போன்ற சிறு தொகுதிகள் ஒட்டிக்கொள்ளும்போது அது வறுத்த மணம் தருகிறது. மிகமிகச் சிறிய அளவு இருந்தாலே நம் மூக்கு கண்டுகொள்ளும். வறுத்த கடலையில் இவை இருப்பதை அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேசன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1966-இல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே அவர்கள் இன்னும் முக்கியமான ஒன்றைச் சொன்னார்கள். நல்ல வறுகடலை மணம் எந்த அமினோ அமிலங்களிலிருந்து வருகிறது, கெட்ட வாடை எவற்றிலிருந்து வருகிறது என்று அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். அஸ்பார்ட்டிக் அமிலம், குளுட்டாமிக் அமிலம், அஸ்பாரஜின், குளுட்டமின், ஹிஸ்டிடின், பினைல் அலனின் ஆகியவை நல்ல பக்கம். திரியோனின், டைரோசின், லைசின் முதலியவை மற்றப் பக்கம்.

இந்த இடத்தில் நாங்கள் சற்று நின்றுவிட்டோம். ஏனென்றால் கடாயும் தீயும் இந்தச் சரக்குகளைப் படைப்பதில்லை. சர்க்கரை எவ்வளவு, எந்த அமினோ அமிலம் எவ்வளவு என்பதெல்லாம் கடலை சென்னைக்கு லாரி ஏறுவதற்கு முன்பே முடிந்துபோன கணக்கு. கடலைக்கார அண்ணன் பூட்டைத் திறக்கிறார். பெட்டிக்குள் இருப்பதை வைத்தது வயல். "சரக்கு அப்படி" என்று அவர் சொன்னது சாக்கு அல்ல, வேதியியல்!

அப்படியானால் வயலில் என்ன நடக்கிறது?

எல்லாவற்றிலும் முதன்மையானது முதிர்ச்சி. இளங்காயில் சர்க்கரை குறைவு, அதனால் மணம் குறைவு என்றுதான் நாங்கள் முதலில் எழுதி வைத்தோம். அது தவறு. இளம்பருப்பில்தான் கட்டற்ற சர்க்கரையும் அமினோ அமிலங்களும் மிகுதி. பருப்பு முதிர முதிர அவை புரதமாகவும் எண்ணெயாகவும் கட்டப்பட்டுக் குறைந்துவிடுகின்றன. எனவே இளம்பருப்பு கடாயில் சீக்கிரம் கறுக்கும். ஆனால் அந்தக் கறுப்பில் நல்ல மணம் இராது, கசப்பும் புளிப்பும்தான் இருக்கும். சரக்கு நிறைய இருந்தால் போதாது, சேர்மானம் சரியாக இருக்கவேண்டும். உப்பும் புளியும் அள்ளிப் போட்ட சாம்பாரைப் போன்றதுதான் இதுவும். ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலம் இளங்காயில் மிகுதியாகவும் முற்றிய காயில் குறைவாகவும் இருப்பதைக் கொண்டு, 1970-களில் அமெரிக்காவில் காயின் முதிர்ச்சியை அளக்கும் முறையையே வகுத்தார்கள். 1981-இல் ஜார்ஜியா மாநிலத்தில் இன்னும் எளிய முறை வந்தது. பிடுங்கிய காயின் மேல்தோலைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு, கறுப்பு என்று முதிர்ச்சிக்கேற்ப நிறம் தெரியும். நம் ஊர் உழவர்கள் இதற்கெல்லாம் முன்பிருந்தே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். காயை உடைத்து ஓட்டின் உட்புறத்தைப் பார்ப்பார்கள். வெள்ளையாக இருந்தால் பிஞ்சு. பழுப்பும் கறுப்புமாகப் படிந்திருந்தால் முற்றல்.

அடுத்தது மண்ணின் சூடு. மண் குளிர்ந்திருந்தால் காய் மெல்ல முதிரும். சூடேறினால் விரைவாக முதிரும். பருப்பின் எண்ணெயும் இதனால் மாறுகிறது. கடலையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய்தான் என்பதை மறக்கக் கூடாது. குளிர்ந்த பருவத்தில் முதிர்ந்த கடலையில் லினோலிக் அமிலம் கூடுகிறது. வெப்பத்தில் முதிர்ந்ததில் ஒலியிக் அமிலம் கூடுகிறது. லினோலிக் அமிலம் காற்றோடு எளிதில் சேர்ந்து கெடும். அப்போது ஹெக்சனால் போன்ற பொருள்கள் தோன்றி, வறுத்த கடலையில் பச்சைப்புல் வாடையும் பழைய வண்ணப்பூச்சின் வாடையும் அடிக்கும். அட்டைப்பெட்டியை மெல்வதுபோல் இருக்கிறது என்று தீபாவளிக்கு வாங்கிய கடலை உருண்டையைப் பொங்கலுக்குத் தின்றவர்கள் சொல்வது இதைத்தான். இந்தக் குறையைப் போக்கத்தான் ஒலியிக் அமிலம் நூற்றுக்கு எண்பது பங்கு அளவில் உள்ள கிர்நார் 4, கிர்நார் 5 என்ற இரகங்கள் 2020-இல் நம் நாட்டில் வந்தன. ஐதராபாத்துக்கு அருகே பட்டான்செருவில் 1972-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு நிறுவனமான இக்ரிசாட்டுக்கும் குஜராத்தின் ஜூனாகத்தில் உள்ள நிலக்கடலை ஆராய்ச்சி நிலையத்துக்கும் அதில் பங்குண்டு.

நீரைப் பற்றிச் சொல்லும்போதுதான் தோழியின் வயல் கண்முன் வருகிறது. தமிழ்நாட்டில் கடலையை ஆடிப் பட்டத்தில் மழையை நம்பி மானாவாரியாகவும், மார்கழிப் பட்டத்தில் கிணற்றுப் பாசனத்திலும் விதைக்கிறார்கள். அவள் வீட்டில் இரண்டும் உண்டு. மேட்டுக்காணி மானாவாரி, கிணற்றடிக் காணி இறவை. சென்ற ஆடியில் விதைத்த மேட்டுக்காணியில், பருப்பு பிடிக்கும் ஆவணி மாதம் மழை பொய்த்துவிட்டது. செடி வாடினால் இலைகள் மடங்கி, தரை வெயிலுக்குத் திறந்துகொள்கிறது. நிழல் இல்லாத மண் சூடேறுகிறது. மேலே தண்ணீர் இல்லை, கீழே காயைச் சுற்றிலும் சூடு. இதனால் பருப்பு ஒரே சீராக முதிராமல், ஒரே செடியில் பிஞ்சும் முற்றலும் கலந்து நின்றன.

பிறகு புரட்டாசிக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. வேண்டியபோது வராத மழை வேண்டாதபோது வந்தது. நம் பக்கத்தில் விதைக்கும் கொத்துக் கடலை இரகங்களுக்கு விதை உறக்கம் கிடையாது. முற்றிய காய் ஈரமண்ணில் கிடந்தால் செடியில் இருக்கும்போதே முளைவிட்டுவிடும். அந்த அச்சத்தில் அவளுடைய தந்தையார், பிஞ்சு நிறைய இருப்பது தெரிந்தும், பிடுங்கிவிட்டார். பிடுங்கிய செடிகளைக் காயப்போட வெயில் இல்லை. போராகக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார். நான்கு நாள் அப்படியே இருந்ததாம்.

இந்த நான்கு நாளைப் பற்றியும் ஆராய்ச்சி இருக்கிறது. பிடுங்கிய காய் செத்த பொருள் அல்ல. அது மூச்சு விடுகிறது. குவியலுக்குள் சூடு ஏறிக் காற்றும் குறைந்தால், பருப்பு ஆக்சிஜன் இல்லாமல் மூச்சுவிட முயன்று அசிட்டால்டிஹைடு, எத்தில் ஆல்கஹால் முதலியவற்றை உண்டாக்குகிறது. மாவு புளிப்பதற்குச் சிற்றப்பன் மகன் முறை! 35 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் உலர்த்தினால் இந்தக் கெட்ட வாடை வரும் என்பது அறிஞர் கண்ட முடிவு. முற்றிய பருப்பைவிட இளம்பருப்பே இதில் அதிகமாகக் கெடுகிறது. பிஞ்சும் நிறைய, குவியலும் நான்கு நாள் என்றால் கேட்க வேண்டுமா?

படித்ததோடு நிறுத்தாமல் செய்தும் பார்த்தோம். தோழி ஊரிலிருந்து இரண்டு பைகள் வரவழைத்தாள். ஒன்று, விலை குறைந்த அந்த ஆடிப்பட்டக் காய். மற்றது கிணற்றடிக் காணியில் மார்கழிப் பட்டத்தில் விளைந்து, சித்திரையில் பிடுங்கி, விதைக்கென்று காயாகவே கோணியில் கட்டி வைத்திருந்தது. விதைக்காயைத் தின்னக் கேட்கிறோமே என்று எங்களுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. அவள் அம்மா ஒரு படி அளந்து கொடுத்தனுப்பியிருந்தார். இரண்டும் ஒரே இரகம், ஒரே குடும்பத்தார் கைப்பட்ட பயிர். வேறுபட்டவை நிலமும் பருவமும் நீரும் உலர்த்தலும்தான்.

முதலில் காய்களை உடைத்து ஓட்டின் உட்புறத்தைப் பார்த்தோம். விதைக்காயில் ஏறக்குறைய எல்லாம் பழுப்பு. ஆடிக் காயில் பாதிக்கு மேல் வெள்ளை. பருப்பும் அப்படியே: ஒன்று உருண்டு திரண்டது, மற்றது சுருங்கித் தோல் மடிந்தது. மனையியல் கூடத்தில் ஒரே கடாய், ஒரே மணல், ஒரே அடுப்பு, கடிகாரம் பார்த்து ஒரே நேரம் வைத்து, இரண்டையும் தனித்தனியே வறுத்தோம். (மணலைத் தந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நாங்கள் சண்டையிட்ட அதே அண்ணன்தான்.) ஆடிக் காயில் சிறு பருப்புகள் கறுத்துப்போனபோது பெரிய பருப்புகள் இன்னும் வெளுப்பாகவே இருந்தன. தீயைக் கூட்டினாலும் குற்றம், குறைத்தாலும் குற்றம். எந்தச் சமையற்காரராலும் சரிசெய்ய முடியாத சிக்கல் அது.

வறுத்தவற்றைத் துணியால் மூடிய கிண்ணங்களில் வைத்து, எது எது என்று சொல்லாமல், பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருந்த தாய்மார்களிடமும் சமையலறை அக்காக்களிடமும் காவற்காரத் தாத்தாவிடமும் மோந்து பார்க்கத் தந்தோம். பெரும்பாலோர் விதைக்காயின் கிண்ணத்தையே சுட்டினார்கள். தாத்தா மட்டும் இரண்டையும் சாப்பிட்டுவிட்டுத்தான் சொல்வேன் என்று பிடிவாதம் பிடித்தார்.

பிறகு சிஸ்டர் ஒரு யோசனை சொன்னார். ஆடிக் காயிலிருந்து, ஓட்டின் உட்புறம் பழுத்திருந்தவற்றின் பருப்பை மட்டும் பொறுக்கி எடுத்து வறுக்கச் சொன்னார். எங்களுக்கு உண்மையில் வியப்பைத் தந்தது இந்த மூன்றாம் கிண்ணந்தான். நல்ல மணம் வந்தது. விதைக்காய்க்கு இணையில்லை; மென்று முடிக்கையில் அடியில் ஓர் இலேசான புளிப்பு இருந்தது. ஆனால் முதலில் இருந்த கசப்பில் பெரும்பகுதி போய்விட்டது. இதிலிருந்து நாங்கள் கொண்ட கருத்து: கசப்புக்குப் பெரும் காரணம் பிஞ்சு கலந்தது, எஞ்சிய புளிப்புக்குக் காரணம் குவியல். முன்னது ஆவணியில் பெய்யாத மழையின் கணக்கு, பின்னது ஐப்பசியில் பெய்த மழையின் கணக்கு.

ஆக, தோழியின் கேள்விக்கு விடை கிடைத்தது. வியாபாரியின் நாக்கு பொய் சொல்லவில்லை. ஆனால் அவளுடைய தந்தையார் பயிரைக் கவனிக்காதவரும் அல்லர். பிஞ்சாகப் பிடுங்கினால் மணம் கெடும், விட்டுவைத்தால் முளைத்துப்போகும் என்ற இரண்டில் ஒன்றை அவர் எடுக்க வேண்டியிருந்தது. இதைச் சொன்னபோது அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். "பொறுக்கிப் பிரிச்சு வித்திருந்தா நல்ல காய்க்காவது விலை கெடச்சிருக்கும்ல?" என்றாள். எங்களில் யாருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

இங்கே தாய்மார்களின் கவனத்துக்கு ஒன்று. ஆவணி வறட்சி மணத்தை மட்டும் கெடுப்பதில்லை. 1960-இல் இங்கிலாந்தில் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது அவற்றின் தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் ஒரு பூஞ்சை நஞ்சு இருந்தது தெரியவந்தது. அதுவே அஃப்ளடாக்சின், ஈரலைத் தாக்கிப் புற்றுநோயை உண்டாக்கவல்லது. பயிரின் கடைசி வாரங்களில் வறட்சியும், காயைச் சுற்றிய மண்ணில் ஏறத்தாழ 30 டிகிரி சூடும் சேர்ந்தால் அந்தப் பூஞ்சை காய்க்குள் நுழைகிறது. 1980-களில் ஜார்ஜியாவில் மண்ணைச் சூடாக்கியும் குளிர்வித்தும் செய்த சோதனைகள் இதைக் காட்டின. ஈரமாகவே குவித்துச் சேமிப்பதும் அதற்கு விருந்து வைப்பதற்குச் சமம். இந்த நஞ்சுக்கு வாடை கிடையாது. வறுத்தாலும் முற்றிலும் அழியாது. எனவே மணமாக இருக்கிறது என்று மட்டும் நம்பிவிடக் கூடாது. பூசணம் படிந்தவை, நிறம் மாறியவை, சுருங்கிச் சொத்தையானவை ஆகியவற்றைப் பொறுக்கி எறிய வேண்டும். சட்டினிக்கு அரைத்துவிட்டால் தெரியாது என்று நினைப்பது பெருந்தவறு.

நல்ல நிலத்துக் கடலைக்குப் பெயர் கிடைத்த கதையும் நம் நாட்டில் உண்டு. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அந்தச் சுற்றுவட்டாரக் கரிசல் நிலத்துக் கடலையும் வெல்லமும்தான் தங்கள் மிட்டாயின் சிறப்புக்குக் காரணம் என்று அவ்வூரார் சொல்வார்கள். பொதுவாகக் கடலைக்கு ஏற்றது காய் எளிதில் பிரியும் மணற்பாங்கான செம்மண் என்பதுதான் பாடம். ஒட்டிக்கொள்ளும் கரிசலில் விளைந்து பெயர் வாங்கியது அந்தக் கடலைக்குப் பெருமைதான். எங்களில் ஒருத்திக்குக் கோவில்பட்டியில் அத்தை இருக்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை மிட்டாய்ப் பொட்டலம் வரும்போது எல்லோரும் அவளுக்கு உயிர்த்தோழிகள் ஆகிவிடுவோம்.

இரகத்துக்கும் பங்குண்டு என்பதை மறைக்க முடியாது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து தேர்ந்தெடுத்து 1940-இல் வெளியிட்ட டி.எம்.வி. 2, 1967-இல் வந்த டி.எம்.வி. 7 ஆகியவை நம் பாட்டிகள் காலத்திலிருந்து வயல்களில் நின்ற இரகங்கள். இவை விளைச்சலையும் எண்ணெயையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. மணத்துக்காகத் தேர்ந்தெடுப்பது எளிதல்ல. வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1980-களிலும் 1990-களிலும் பயிற்சி பெற்ற சுவைஞர்களை வைத்துப் பல ஆண்டு ஆராய்ந்தபோது, ஒரே இரகம் ஓர் ஆண்டில் ஒரு மணமும் மற்றோர் ஆண்டில் வேறு மணமும் தந்தது. இடம் மாறினாலும் மாறியது. தாய் தகப்பன் கொடுத்தது பாதி, வளர்ந்த இடம் கொடுத்தது பாதி என்று விடுதி வார்டன் அம்மா எங்களைப் பற்றிச் சொல்வது கடலைக்கும் பொருந்துகிறது போலும்.

இவ்வாண்டு ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது தோழி ஒரு மஞ்சள் பையுடன் வந்தாள். மார்கழிப் பட்டத்துக் காய். இம்முறை அவளுடைய தந்தையார் பத்துப் பதினைந்து செடிகளை அங்கங்கே பிடுங்கி ஓட்டின் உட்புறம் பார்த்து, இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று காத்திருந்தாராம். பிடுங்கிய செடிகளைக் குவிக்காமல், காய் மேலே பார்க்கும்படி வரிசையாகக் கவிழ்த்துப் போட்டு, பிறகு காயைப் பறித்துப் பரப்பி உலர்த்தினாராம். சித்திரை வெயில் இருந்ததால் முடிந்தது. குலுக்கினால் காய்க்குள் பருப்பு ஆடும் ஓசை கேட்கும்வரை உலர்த்தியதாக அவள் சொன்னாள். ஈரம் நூற்றுக்கு 8 பங்குக்குக் கீழே போகும்வரை என்று எங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்; இரண்டும் ஒன்றுதான். கூலி கொடுத்துப் பொக்கும் பிஞ்சும் பிரித்து, நல்ல காயைத் தனியே விற்றாராம். "கூலி போக மிச்சம் இருந்துச்சா?" என்று நாங்கள் ஆவலோடு கேட்டோம். "கொஞ்சம்" என்றாள். ஆடிப் பட்டத்துக்கு மழை எப்படி இருக்குமோ என்ற கவலை அந்தக் 'கொஞ்ச'த்திலேயே இருந்தது.

அன்று மாலை அந்தக் காயில் இரண்டு கை அள்ளிக்கொண்டு போய்க் கடலைக்கார அண்ணனிடம் கொடுத்து வறுத்துத் தரச் சொன்னோம். காசு வேண்டாம் என்றார். ஓட்டை உடைத்துப் பருப்பைக் கடாயில் போட்டார். மூன்றாவது புரட்டலுக்குள் மணம் எழுந்தது. பேருந்துக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒரு பருப்பை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துத் தோலை ஊதிவிட்டு, வாயில் போட்டு மென்றார்.

"எந்த ஊருச் சரக்கு பாப்பா இது?"

நாங்கள் வாய் திறப்பதற்குள் தோழி தன் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டாள்.